ஆறு வீட்டார்

மாட்டுங்காவில் ஒரு பள்ளியில் நான் குடிமையியல் நடத்துகிறேன். பிரபுக்கள் ஆட்சி பற்றிய பாடம் வரும்போது, 'அரிஸ்டாக்ரசி' என்ற அதன் ஆங்கிலச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'சிறந்தவர்களின் ஆட்சி' என்று பொருள் என்பேன். சிறந்தவர்களின் பேரன்கள் எப்படி ஆள வந்தார்கள் என்று இதுவரை எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நாங்கள் குடியிருந்த தாராவிச் சந்தின் கதையைச் சொல்லியிருப்பேன்.

அங்கே ஆறு வீட்டார் வைத்ததுதான் சட்டம். திருநெல்வேலிப் பக்கமிருந்து முதலில் வந்து சேற்றில் மண் கொட்டி மேடாக்கியவர்கள் அவர்களுடைய தாத்தாமார். தண்ணீர்க் குழாய் கேட்டுப் போலீசிடம் அடிவாங்கியதும் அவர்கள்தான். ஊர்ச் சங்கம் தொடங்கினார்கள். அன்று சனம் அவர்கள் பேச்சைக் கேட்டது நியாயம். பேரன்களோ செம்பூரில் ஃபிளாட் வாங்கிப் போய்விட்டார்கள். கூட்டத்துக்கு மட்டும் காரில் வந்து நாற்காலியில் உட்காருவார்கள். மற்றவர்களுக்குப் பாய்.

பிள்ளைகள் உட்கார்ந்து படித்த சங்கத்து அறையை அவர்கள் கோடவுனுக்கு வாடகைக்கு விட்டபோது, சைக்கிளில் இட்லி விற்ற என் அப்பா கூட்டத்தில் எழுந்தார்.

"யாரைக் கேட்டு விட்டிய? ஒரு எலக்சன் வைங்க."

அந்தப் பேரன்களில் ஒருவரான சங்கத் தலைவருக்கு அப்பாவின் வயதில் பாதிதான் இருக்கும்.

"எங்களுக்குப் பொறவு வந்தவருதான வே நீரு. உக்காரும்."

அப்பா உட்காரவில்லை. கூட்டம் முடியும்வரை தனியாக நின்றார். நான் பாயில் உட்கார்ந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களைத் தள்ளிவைத்தார்கள். கல்யாணப் பத்திரிகை வருவது நின்றது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, மாவாட்டிக்கொண்டிருந்தபோதே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பாடை கட்டுவதும் தூக்குவதும் சங்கத்து ஆட்கள்தான். மதியம் தாண்டியும் ஒருவரும் வாசலுக்கு வரவில்லை.

செம்பூருக்கு ஆட்டோவில் போனேன். தலைவர் மரியாதையாகத்தான் பேசினார், சாயா கொடுக்கச் சொன்னார். அப்பா பேரில் ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டும் என்றார்.

"ஹிந்தில எழுதுங்க டீச்சர். எனக்குத் தமிழ் வாசிக்க வராது."

எழுதினேன். கீழே அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். நான் வீடு திரும்புவதற்குள் மூங்கில் வந்திருந்தது. சந்தே திரண்டு நின்றது. தூக்கியவர்களில் இருவர் நிஜமாகவே அழுதார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகள் பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கடிதத்தைப் பற்றி அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார்கள். அம்மா பாயில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"செத்த மனுசன் கையெழுத்த நீ எப்படிப் போட்ட?"

அந்த மாதமே தாராவியை விட்டுக் கோபர்கைரனேயில் வாடகைக்கு வந்துவிட்டோம். அம்மா இப்போதும் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.