கொட்டாரத்தில் கட்டிய துண்டு

திருநெல்வேலிச் சீமையை விட்டுத் திருவிதாங்கூர் ராஜ்யத்துக்குள் வந்த முதல் நாளே எனக்கு அடி விழப்போகிறது. கொட்டாரம் சந்தையில் மட்டிப்பழம் விற்கிறவரிடம், "இது பழமா, பச்சப்பிள்ளை விரலா?" என்று கேலி பேசிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எங்கோ மணி அடித்ததும் பழக்குலைகளைச் சாக்கால் மூடிவிட்டு என் பின்னாலேயே வருகிறார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டுகிறார். கூட வருகிற நாலைந்து பேரும் கட்டுகிறார்கள். எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான்.

வீரனாகிய நான் ஓடுகிறேன். ஓலைக்கூரை போட்ட கோயில் ஒன்று தெரிகிறது. சாமி முன்னால் அடிக்கமாட்டார்கள் என்று வாசலில் போய் நின்று, பணிவாகத் தெரியட்டுமென்று என் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறேன்.

பழக்காரர் வந்துவிட்டார். "ஓய், சட்டையக் கழத்தும்."

"அடிக்கவாவே வந்தீரு?"

"உம்மையா? உச்சிப் படிப்புப் பாடிக் கும்பிட மணி அடிச்சாச்சு. இது அய்யாவுக்க நிழல்தாங்கல், அய்யா வழிக்காரங்க நாங்க கும்பிடுத எடம். துண்டத் தலையில கெட்டாம ஆம்பிளைக ஆரும் உள்ள போவ முடியாது."

"சாமி முன்னால துண்டை எடுக்கிறதுதானே மரியாதை?"

"மேல்சாதிக்காரன் முன்னால கக்கத்துல வச்சு வச்சே எங்க பாட்டன்மாருக்க காலம் போச்சு. தலையில கெட்டினா அன்னைக்கு அடி உண்டும். அதனாலதான் இங்க கெட்டச் சொல்லுகு."

சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டப் பார்க்கிறேன். குனிந்த தலையில் முடிச்சு நிற்கவில்லை. பழக்காரர் துண்டை வாங்கி என் தலையைச் சுற்றி இறுக்குகிறார்.

"பேடிச்சது போதும். நிமிந்து நில்லும்வே."