அவன் மடித்த பாராசூட்

எங்கள் வீட்டில் முகப் பவுடர் வாங்கிய வேகத்தில் தீர்ந்துவிடும். பூசிக்கொள்வது நான் ஒருத்திதான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும்போது மட்டும். மீதியை என் கணவரும் மகனும் பாராசூட்டுக்குத் தடவியே காலி செய்துவிடுவார்கள். மெல்லிய பிளாஸ்டிக் பையை வட்டமாக வெட்டி, ஓரமெல்லாம் நூல் கட்டி, பவுடர் தூவி, விசிறி மாதிரி மடிப்பார்கள். தூவாவிட்டால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். மேலே போய் விரியாதாம். "என் மூஞ்சிய விட உங்க பிளாஸ்டிக் பைக்குத்தான் அலங்காரம் அதிகம்" என்று கத்திக் கத்தி எனக்கே அலுத்துப்போயிருந்தது.

ராக்கெட் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். குளிர்பான போத்தலில் செய்வது. தேர்தல் முடிந்ததும் கம்பத்தில் தொங்கும் கட்சி அட்டைகளைக் கேட்டு வாங்கிவந்து இறக்கை வெட்டுவார்கள். அதனால் எங்கள் வீட்டு ராக்கெட்டுகளில் எப்போதும் யாராவது ஒரு வேட்பாளரின் காதோ கண்ணாடியோ இருக்கும். போத்தலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, தலைகீழாக ஏவுகுழாயில் மாட்டி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, கயிற்றை இழுத்தால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு கிளம்பிவிடும். அடுக்குமாடி வீட்டைத் தாண்டிப் போகும் என்பார்கள். உச்சியில் வேகம் குறையும்போது மேலே செருகியிருக்கும் மூக்கு கழன்று, பாராசூட் வெளியே வந்து விரிய வேண்டும். ராக்கெட் மெல்ல இறங்க வேண்டும். அந்த விரிகிற நொடிக்காகத்தான் இத்தனை பாடும். அதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஞாயிறு காலையில் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள் நான். அவர்கள் பறக்கவிடுவதும் அதே நேரம்தான்.

என் கணவர் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வை பார்ப்பவர். வீட்டிலும் அதே புத்திதான். இன்றைக்கு விடும் ராக்கெட்டின் பாராசூட்டை இன்றைக்குக் காலையில்தான் மடிக்க வேண்டும், நேற்று மடித்தது செல்லாது என்பது அவர் போட்ட சட்டம். அவரோடு ராக்கெட் விடும் கூட்டாளிகள் இன்னொரு சட்டமும் வைத்திருந்தார்கள். தன் ராக்கெட்டைத் தானே சரி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இன்னொருவர் வந்து மூக்கைக் கழற்றி, பாராசூட்டைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினால்தான் பம்பில் கை வைக்கலாம். ஒரு முறை முதல் நாள் மடித்ததை எடுத்துவந்தான் என்று பெற்ற மகனையே எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவன் என் ஆட்டுக்கறிப் பிரட்டலைக்கூடத் தொடாமல் அறையில் போய்ப் படுத்துக்கொண்டான். இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளை, ஒரு போத்தலுக்காகக் கோபித்துக்கொண்டு.

அவன் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். எங்கள் ஊர் மாசாயிலிருந்து விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவான். எங்கள் வரிசையில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான். ஒரு மழைக்காலத்து வெள்ளிக்கிழமை கிளம்பியவன் எல்லைப் பாலம்வரை போய்ச் சேரவில்லை. லாரி. இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

அதற்கு முதல் நாள் சாயங்காலம் அவன் ஒரு புது ராக்கெட் செய்து முடித்திருந்தான். பாராசூட் மூக்குக்குள் அடங்குகிறதா என்று அளவு பார்க்க அதை மடித்து உள்ளே வைத்தான். பள்ளி விடுமுறை என்பதால் அந்த ஞாயிறு எனக்கு வகுப்பு இல்லை.

"மா, இந்த வாரம் கிளாஸ் இல்லதானே? வாங்க லா. மேல போய் விரியறத ஒரு தடவ பாத்தீங்கன்னா, அப்பறம் பவுடருக்குத் திட்ட மாட்டீங்க" என்றான்.

"வர்றேன், வர்றேன். மொதல்ல சாப்பாட்டு மேசைய தொடச்சு வை" என்றேன் நான்.

ராக்கெட் அவன் அறை அலமாரி மேலேயே நின்றது. என் கணவர் வாரம் ஒரு தடவை ஏறி நின்று அதன் தூசியைத் துடைப்பார். அந்த அறைக்கு அவர் போவது அதற்கு மட்டும்தான். பறக்கவிடப் போவதை அடியோடு விட்டுவிட்டார். கூட்டாளிகள் போன் செய்தால் எடுப்பதில்லை. என்னிடமும் பேச்சு குறைந்துபோனது. எனக்கு அழுகை வருவதற்குப் பதிலாக எரிச்சல்தான் வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேனே, இந்த மனிதருக்கு மட்டும் என்ன என்று இருந்தது. அவன் சட்டைகளைத் துவைத்து மடித்துக் கோயிலில் கொடுத்தவள் நான். மூன்றாம் மாதமே வகுப்புக்குத் திரும்பியவள் நான். "உங்க மனசு கல்லுங்க, நல்லா சமாளிச்சிட்டீங்க" என்று கோயிலில் ஒரு அம்மா சொன்னபோது, கல் என்றதைக்கூடப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

முதல் ஆண்டு நினைவுப் பூசை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது. வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன்.

"நாளைக்கு எனக்கு கிளாஸ் இல்ல, அவன் ராக்கெட்ட விடுவோம்ங்க. எனக்கு அது விரியறத பாக்கணும்."

 காலையில் பார்த்தால் ஏவுகுழாயும் பம்பும் காரின் பின்பெட்டியில் இருந்தன. நான் புதுப் பவுடர் டப்பா ஒன்றைச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தேன். அந்த மேசையில்தான் அவர்கள் எப்போதும் மடிப்பார்கள். அவர் கோப்பியைக் குடித்தார், டப்பாவைப் பார்த்தார், ராக்கெட்டைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

தெப்ராவ் பக்கம் வீடு கட்டுவதற்காகக் காடழித்துப் போட்ட செம்மண் நிலம் ஒன்று இருக்கிறது. வீடுகள்தான் இன்னும் வரவில்லை, லாலாங் புல் வந்துவிட்டது. அங்கேதான் அவர்கள் கூடுவார்கள். அன்றைக்கு ஒரு சீனத் தம்பதியும், ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர் ஒருவரும் இருந்தார்கள். ஆசிரியரை எல்லாரும் சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். என் கணவரைப் பார்த்ததும் அவர் இரண்டு கைகளாலும் இவர் கையைப் பிடித்து, பிறகு தன் கைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டார். யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. அந்தச் சீன அம்மா எனக்கு ஒரு மடக்கு நாற்காலியைப் பிரித்துப் போட்டார்.

என் கணவர் தண்ணீர் ஊற்றினார். குழாயில் மாட்டினார். மூக்கைத் தொடவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்து போனேன்.

"என்னங்க, பாராசூட்ட பிரிச்சு மடிக்கலையா? ஒரு வருஷமாச்சு. ஒட்டிப் போயிருக்கும்."

"இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா எப்படிங்க விரியும்? நேத்து மடிச்சதே ஆகாதுன்னு சொன்னவரு நீங்கதானே?"

அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "பிரிச்சா திரும்ப நான்தான் மடிக்கணும். அப்ப அது அவன் மடிச்சதா இருக்காதே."

எனக்கு எப்படி வாயடைத்துப் போயிருக்க வேண்டும்! இல்லை. கோபம்தான் வந்தது. மடிப்பில் என்ன இருக்கிறது? என் பிள்ளை அதை மூட்டை கட்டி வைக்கவா செய்தான்? நான் பார்க்கத்தானே செய்தான்? அது விரிய வேண்டும், ஒரே ஒரு தடவை நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வெயிலில் நின்று புருஷனோடு சண்டை போடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். சிக்கு வரட்டும், அவர் சட்டப்படி கழற்றிப் பார்ப்பார், இவர் கொட்டம் அடங்கும் என்று நினைத்தேன்.

சிக்கு வந்தார். குனிந்து இறக்கைகளை ஆட்டிப் பார்த்தார். மூக்கின் மேல் விரல்களை வைத்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "பிலா லிப்பாட்?" எப்போது மடித்தது?

 என் கணவர் சொன்னார். "அனாக் சாயா யாங் லிப்பாட்." என் மகன் மடித்தது.

சிக்குவின் விரல்கள் மூக்கின் மேல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு கையை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு, தலையாட்டினார். என்ன நடக்கும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.  இருந்தும் சீனர் தன் பெரிய பம்பைக் கொண்டுவந்து கொடுத்தார்.

காற்றடித்து முடித்து எல்லாரும் பின்னால் வந்தோம். கயிற்றை என் கணவர் பிடித்திருந்தார். "தீகா, டுவா, சாத்து" என்று மூன்றிலிருந்து ஒன்றுவரை சிக்குதான் எண்ணினார்.

அந்தச் சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் சீறி முகத்தில் தெறித்தது. நான் கண்ணைத் துடைப்பதற்குள் அது எங்கேயோ போயிருந்தது. "அங்க பாரு, அங்க" என்று அவர் கையைக் காட்டினார். வெள்ளையாக ஒரு புள்ளி. நேராக, துளி ஆட்டமில்லாமல் ஏறிக்கொண்டே இருந்தது. என் பிள்ளை எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெருமையில் நெஞ்சு வலித்தது. உச்சியில் அது ஒரு கணம் நின்று சாய்ந்தது. மூக்கு கழன்றது. ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று வெளியே வந்தது.

"விரி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். "விரி, விரி."

விரியவில்லை. நூல் நுனியில் அந்தப் பொட்டலம் உருண்டையாக ஆடிக்கொண்டே வந்தது. ராக்கெட் தலைகீழாக வேகம் எடுத்து, புல்லுக்கு அப்பால் செம்மண்ணில் போய் விழுந்தது. விழுந்த சத்தம் தனியாகக் கேட்டது.

என் கணவர் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. முட்டிவலிக்காரர், அந்தக் குண்டும் குழியுமான நிலத்தில் விழுந்து எழுந்து ஓடினார். நான் போய்ச் சேர்ந்தபோது மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். போத்தல் நசுங்கி, ஓர் இறக்கை பிய்ந்து கிடந்தது. பொட்டலம் மட்டும் அவர் உள்ளங்கையில் இருந்தது.

"பாரு, கலையவே இல்ல" என்றார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷமாக வராதது. வாயைத் திறந்து, குழந்தை மாதிரி அழுதார்.

அப்போதும் என் கோபம் தீரவில்லை. "இதுக்காங்க வந்தோம்?" என்று கேட்டேன்.

அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பேனாக்கத்தியால் நூலை அறுத்து, பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "நீ சொல்றது சரிதான். ஒனக்குக் காட்டத்தான் செஞ்சான். பிரி. பிரிச்சுப் பாரு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நான் உடனே வாங்கிக்கொண்டேன். ஒட்டிப்போன பிளாஸ்டிக் பையைப் பிரிப்பது எனக்கு என்ன புதிதா? வாரம் தவறாமல் சந்தையில் செய்வதுதானே. விரலை நாக்கில் தொட்டு, மேல் மடிப்பின் ஓரத்தில் வைத்துத் தேய்த்தேன். ஓரம் லேசாகத் தூக்கியது. உள்ளே இருந்த பவுடர் என் விரலில் வெள்ளையாக ஒட்டியது. என் பவுடர். இன்னும் வாசம் போகவில்லை. அவன் மேசை முன்னால் நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்து மடித்தது, நான் திட்டியது, "இதோ முடிஞ்சிருச்சு மா" என்றது எல்லாம் அந்த மடிப்புக்குள்தான் இருந்தது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் அவன் கை செய்த கடைசி வேலை இல்லாமல் போய்விடும்.

"வேணாம்ங்க" என்றேன். 

தூக்கியிருந்த ஓரத்தைத் திரும்ப அழுத்தினேன். அது ஒட்டவில்லை. மறுபடி அழுத்தினேன். "ஒட்ட மாட்டேங்குது, நான் பிரிச்சிட்டேன்ங்க, நான் பிரிச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சட்டைகளைக் கொடுத்தபோது வராத அழுகை, சவப்பெட்டியை மூடியபோது வராத அழுகை, எல்லாம் சேர்த்து அங்கே வந்தது. சீன அம்மா ஓடிவந்து குடை பிடித்தார்.

மாசாய் வந்து சேரும்வரை நான் அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். என் கணவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் முதுகைத் தடவிக்கொண்டே, "ஒண்ணும் ஆகல மா, கொஞ்சம்தான் தூக்கியிருக்கு, ஒண்ணும் ஆகல" என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார்.