அண்ணி கொண்டுவந்த ஊதாப் பூ

பஸ் பாலத்தில் ஏறியதும் அவள் எழுந்து நின்றுவிடுவாள். இறங்குவதற்காக அல்ல. ஜன்னலோரக்காரரின் தலைக்கு மேலாக எட்டி, கீழே கால்வாய்த் தண்ணீரை ஒரு பார்வை பார்த்தாக வேண்டும். புதுக் கண்டக்டர் என்றால், "உங்க ஸ்டாப் இன்னும் வரலைக்கா" என்பார். பழையவருக்கு விஷயம் தெரியும். "இன்னிக்குத் தண்ணி சுத்தமாக்கா?" என்று மட்டும் விசாரித்துக்கொள்வார்.

நீர்வழித் துறையில் அவளுக்கு நீட்டி முழக்கி ஒரு பதவிப் பெயர் இருக்கிறது. தெருவில் அது யார் வாயிலும் நுழையாது. 'பூப்போலீஸ்' என்றால்தான் தெரியும். ஏரியிலோ கால்வாயிலோ ஆகாயத்தாமரை தலைகாட்டுகிறதா என்று கண்டுபிடிப்பது வேலை. எங்கிருந்தோ வந்த செடி. ஒரு கொத்து மிதந்தால் போதும், கொஞ்ச நாளில் தண்ணீரே தெரியாமல் பாய் விரித்துவிடும். அடியில் மீன் மூச்சு முட்டிச் சாகும். பூ என்னவோ கொள்ளை அழகு. அதில்தான் அவளுக்கு வயிற்றெரிச்சல். "மூஞ்சியைப் பாத்தா பால் வடியும், பண்றதெல்லாம் அக்கிரமம்" என்பாள்.

பூவை மட்டும் பார்த்து அவள் எதையும் பிடுங்கவிட மாட்டாள். அதே ஊதாவில் பூக்கிற சாதுவான நாட்டுச் செடி ஒன்றும் கரையோரம் உண்டு. அது சேற்றில் வேர்விட்டு நிமிர்ந்து நிற்கும். ஆகவே படகிலிருந்து குனிந்து, இலைக்காம்பை இரண்டு விரலால் அமுக்குவாள். காம்பு உப்பிப்போய்ப் பஞ்சாக அமுங்க வேண்டும். மேல் இதழில் மஞ்சள் பொட்டு இருக்க வேண்டும். தூக்கினால் கறுத்த வேர் சீவாத தலைமுடியாகத் தொங்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால், "வாம்மா, மாட்டினியா" என்றபடி கொக்கிக் கம்பை எடுப்பாள்.

வீட்டிலும் இதே பேச்சுதான். "சாப்பிடும்போதாவது அந்தப் பூவை விடேன்" என்று கணவர் கெஞ்சுவார். கணவரின் அக்காவை அவள் அண்ணி என்பாள். அவரிடமும் ஒரு காலத்தில் போனில் பூப்புராணம்தான். அண்ணி ஆசையாகத் தைத்துக் கொடுத்த ஜன்னல் திரையை, "ரூமே இருட்டாயிடுச்சு" என்று இவள் கழற்றிப் போட்டாள். அதோடு போன் நின்றது. ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, அந்த அண்ணியே படியேறி வந்தார். முட்டிவலிக்காரர்; உட்கார்ந்தால் எழுந்திருக்க நாள் பார்ப்பவர். கையில் கண்ணாடித் தொட்டி, அதில் மிதந்தபடி ஊதாப் பூ.

"வாயைத் தொறந்தா இந்தப் பூதானே உனக்கு. இவ்வளவு உயிரா இருக்கியேன்னு தேடிக் கொண்டாந்தேன். பழசையெல்லாம் மறந்துடும்மா."

மிதப்பதைப் பார்த்ததுமே ஆகாயத்தாமரைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நாட்டுச் செடியாக இருந்துவிடேன் என்று வேண்டிக்கொண்டே, ரசிக்கிற சாக்கில் காம்பை அமுக்கினாள். பஞ்சு. சமையலறை வாசலில் நின்ற கணவர் கண்ணாலேயே கெஞ்சினார். பேசாமல் வாங்கி வைத்து, அண்ணி போனதும் வெயிலில் காயப்போட்டுவிடலாம் என்று அவளும் நினைத்தாள்தான்.

"எங்க ஏரியில கொள்ளையா கெடக்கு," அண்ணி சோபாவில் சாய்ந்தார். "மீதியை உங்க பின்பக்க வாய்க்கால்ல விட்டுட்டுத்தான் வரேன். ஜன்னலைத் தொறந்தா தெரியட்டுமேன்னு."

அந்த வாய்க்கால் போய்ச் சேருவது பாலத்துக் கால்வாயில். இரண்டு வருடம் மல்லுக்கட்டி அவளும் ஆட்களும் மீட்ட கால்வாய் அது. இனி மறைத்துப் பயனில்லை. "அண்ணி, தப்பா நெனைக்காதீங்க" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அண்ணியின் முகம் சுருங்கிப்போனது.

"அப்போ நான் குடுக்கறது எதுவும் உனக்கு ஆகாது."

"பூ ஆகாது. நீங்க வந்தது ஆகும். நீங்க பேசாம இருந்தது எனக்கு நல்லாவே இல்ல அண்ணி" என்றவள், கொக்கிக் கம்போடு பின்கதவு வழியாக ஓடினாள்.

முழங்கால் தண்ணீரில் அவள் துழாவிக்கொண்டிருந்தபோது பின்னால் சளக்கென்று சத்தம் கேட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணி இறங்கியிருந்தார். "எங்கெங்க விட்டேன்னு உனக்கென்ன தெரியும்? அதோ, அந்த மதகுகிட்ட ஒண்ணு. எதை அமுக்கிப் பாக்கணும், காட்டு." வெயில் சாயும்வரை இருவரும் பொறுக்கினார்கள். நடுவில் அண்ணி கரையோரச் செடி ஒன்றையும் பிடுங்கப் போனார். "ஐயோ, அது நம்ம ஆளு" என்று இவள் தடுக்க, அண்ணி அதன் காம்பைத் தடவி, "மன்னிச்சுக்கப்பா" என்றார். கணவர் கரையில் கூடையைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிச் சிரித்தார்.

நேற்று இருவரும் சேர்ந்து பஸ்ஸில் போனார்கள். ஜன்னலோரம் அண்ணி. பாலம் வந்ததும் வழக்கம்போல் அவள் எழப் போனாள். தோளில் ஒரு கை விழுந்து அவளை உட்காரவைத்தது. முன்சீட்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டு, முட்டி கடகடக்க அண்ணி எழுந்து நின்று, கால்வாயை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.