இரண்டு கண்ணி அதிகம்

போன வருடம் மார்கழி மாதம், மாகறல் பக்கம் ஒருவருடைய வயலில் சேறடித்துக் கொண்டிருந்தேன். டிராக்டர் எங்களுடையது, ஓடாய்த் தேய்ந்த பழைய வண்டி. கணவர் கம்பெனி வேலைக்குப் போனதும் அதை விற்றுவிடலாம் என்றார். நான் விடவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டு, அந்த நவரை நெல் பட்டத்தில்தான் முதன்முதலாக வெளியார் வயலில் இறங்கியிருந்தேன்.

பாதி வயல்கூட முடியவில்லை. பின்னால் படாரென்று ஒரு சத்தம். டிராக்டருக்குப் பின்னால் மாட்டிச் சேறு கலக்கும் ரோட்டவேட்டரின் கத்திகள் நின்றுவிட்டன. அதன் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தால், கத்திகளைச் சுற்றவைக்கும் செயின் அறுந்து கிடந்தது. குற்றம் என்னுடையதுதான். ஆயுத பூஜைக்கு ஓஸ் பிடித்துப் பளபளவென்று கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டேனே தவிர, அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்குமே என்று திறந்து பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் துரு தின்றுவிட்டது.

வயல்காரர் வரப்பிலேயே நின்றிருந்தார். மறுநாள் காலை நடவுக்கு ஆள் சொல்லியிருந்தார்.

"இன்னாமா இது? சாயங்காலத்துக்குள்ள ஓடலன்னா நான் வேற வண்டிய கூப்ட்டுக்குவேன். பொம்பள கையில வண்டிய குடுத்தா இப்டிதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த வயலிலிருந்து பாதியில் வெளியேறினால் அப்புறம் ஊரில் ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். நாளைக்குத்தான் வர முடியும், நீ கை வைக்காதே என்றார். கை வைப்பது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போனேன். செயினில் எத்தனை கண்ணி வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். பெரிய கெட்டிக்காரி மாதிரி, "நீளமாவே குடுங்க, பழச வெச்சி அளந்துக்கிறேன்" என்றேன். திரும்பி வந்து, சாக்கை விரித்து, இரண்டு செயினையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினேன். பழையதின் நீளம் பார்த்துப் புதியதில் மிச்சமிருந்த கண்ணிகளை அடித்துக் கழற்றி, மாட்டி, எண்ணெய் ஊற்றி மூடினேன். இரண்டு சுற்றுகூட வரவில்லை. லொடலொடவென்று சக்கரத்தின் பல்லை விட்டுத் தாவ ஆரம்பித்தது.

வயல்காரர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். "வுட்ருமா. உனக்கு எதுக்கு இந்த வேல?"

"கூப்புடுங்கண்ணா, அந்த வண்டியும் வரட்டும். என் வண்டி இங்கருந்து நகராது" என்றேன். அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார்.

மறுபடி திறந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் பட்டுத் தறியில் உட்கார்ந்து, புட்டா போட இழை எண்ணியவள் நான். அந்தப் புத்தி அப்போதுதான் வந்தது. இந்த முறை அளக்கவில்லை, கண்ணிகளை எண்ணினேன். பழையதில் நாற்பத்தெட்டு, புதியதில் ஐம்பது. தேய்ந்து தேய்ந்து பழைய செயின் நீண்டிருக்கிறது. அதைப் போய் அளவுகோலாக வைத்திருக்கிறேன்! இரண்டு கண்ணியைக் கழற்றிவிட்டு மாட்டினேன்.

வெளிச்சம் இருக்கும்போதே மீதி வயலை அடித்து முடித்தேன். வயல்காரர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நான் வயலை விட்டு ஏறி வரும்போது, "அந்த மூலைய வுட்டுட்டியேமா" என்றார், எந்த டிரைவரிடமும் சொல்வது போல. எனக்கு அதுவே போதும். திரும்பப் போய் அந்த மூலையையும் அடித்தேன். மறுநாள் நடவு நடந்தது.

மெக்கானிக் தப்பாக மாட்டினால் செயின் சரியில்லை என்பார்கள். நான் மாட்டினால் மட்டும் பொம்பளை கையாம். கழற்றிய அந்த இரண்டு கண்ணியையும் வண்டிச் சாவியில் கோத்து வைத்திருக்கிறேன். தப்பு செய்ததும் நான்தான், திருத்தியதும் நான்தான். இரண்டில் எதையும் இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை.