மாத்திரையை நிறுத்தச் சொன்னது அம்மன் இல்லை, நான்

என் மகள் சங்கரிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தியவன் நான்தான். அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அவளுக்கு லூபஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். கன்னத்தில் சிவந்த படை. மாத்திரையால் முகமும் வீங்கியது. வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "கோயில் புற்றுமண்ணு பூசு, அம்மன் பாத்துக்கிடுவா" என்று சொல்லி மாத்திரைகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அம்மன் பெயரைச் சொன்னேன், நினைத்தது கல்யாணத்தை.

கோயிலில் ஆடித் தபசுத் திருவிழா முடிந்த வாரம், சுவருக்குள்ளிருந்து யாரோ திட்டுவதாகச் சொல்ல ஆரம்பித்தாள். பேய் என்று முடிவு கட்டினேன். மனம் கலங்கியவர்களை அம்மன் சன்னதி முன்னால் இருக்கும் சக்கரக் குழியில் உட்கார வைப்பது எங்கள் ஊர் வழக்கம். அவளையும் இழுத்துப் போனேன்.

"யப்பா, பேய் ஒங்களுக்குத்தான் புடிச்சிருக்கு. நீங்க வந்து உக்காருங்க" என்றாள். சிலர் சிரித்தார்கள். அங்கேயே அவளுக்கு வலிப்பு வந்தது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை யார் நிறுத்தினது?" நோய் மூளையைத் தாக்கியிருந்தது. அவளுக்குக் கேட்ட குரலும் அதன் வேலைதான் என்றார். முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்தார்கள். ஸ்டீராய்டு மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஐ.சி.யூ. வாசலில் நின்று அழுதேன். "தாயே, அவ பொழச்சா ஒன் வாசல்ல நின்னு என் தப்பைச் சொல்லுதேன்."

கண் திறந்தாள். என்னைப் பார்த்ததும், "என் மாத்திரை எங்க?" என்றாள். அம்மன் என் வேண்டுதலைக் கேட்டுவிட்டாள்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கோயில் வாசலில் நின்று சொல்கிறேன். புற்றுமண் பூசுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்.

"வே, கோயில் வாசல்ல நாத்திகமா பேசுதீரு?" என்று சொந்தக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார்.

"அந்த டாக்டர அனுப்புனதே அவதான். ஊரைக் கூட்டிட்டு வாரும். அப்பவும் இங்கனதான் நிப்பேன்" என்றேன்.

இன்றும் சங்கரி மாத்திரை டப்பாவை என் கையில் தருவதில்லை. நான் கேட்பதும் இல்லை.

போன வாரம், முகத்தில் படையோடு இருந்த மகளை ஒரு தாய் கூட்டி வந்தாள். "போங்க அண்ணாச்சி, அம்மனுக்கு மேலயா டாக்டரு?" என்று என்னைத் தாண்டிப் போனாள். சாமி கும்பிட்டு வெளியே வந்த சங்கரி அவளை மறித்தாள்.

"யக்கா, இவரு பேச்சக் கேட்டு நான் சாகக் கெடந்தேன். ஆனா இப்ப இவரு சொல்லுதது நெசம். கேளுங்க."

அந்தத் தாய் நின்றாள். எல்லோரும் சேர்ந்தே உள்ளே போய் வேண்டிக்கொண்டோம். நீங்களும் நம்பி வேண்டுங்கள்; மருந்தும் அவள் கொடுப்பதுதான். மறுநாள் அந்தத் தாயின் மகளை டாக்டரிடம் கூட்டிப் போனது சங்கரி. திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"யப்பா, வர்ற வெள்ளிக்கெழம நானும் வந்து நிக்கேன்."