பாகைத் தொடாத கரப்பான்

வெளிநாட்டில், சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினாலாம் மாடியில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிறு, அக்காவைப் பார்க்க நகரின் மறுபக்கத்து மல்வேர்னில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அதற்கு முன் இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

எங்கள் வீட்டில் கரப்பான் இருந்தது. கட்டடம் முழுக்க இருந்தது. ஆனால் வருகிறவர்கள் எங்கள் வீட்டைத்தான் பார்ப்பார்கள்.

மாமா ஒரு காலைச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அங்கே அப்பத்துக்கு ஊற்றும் இனிப்புப் பாகில் மிஞ்சியதைப் போத்தலில் கொண்டுவருவார். மருந்துத் தூளை அதில் குழைத்து, போத்தல் மூடிகளில் ஊற்றி மூலைக்கு மூலை வைப்பார். முதல் வருடம் செத்ததைக் கூட்டி அள்ளினோம். பிறகு குறைந்தது. பிறகு முன்னையைவிடக் கூடியது. கரப்பான்கள் மூடிக்குக் கிட்டப் போய், மீசையால் தொட்டுவிட்டுத் திரும்பின.

"உதுகள் பழகீற்றுதுகள். படிச்ச கரப்பான்," என்றார் மாமா.

"அப்ப உன்னைவிடப் பரவாயில்லை," என்றார் அம்மா.

மாமா இன்னும் கொஞ்சம் பாகு ஊற்றினார்.

ஞாயிறு வந்தது. அம்மா என்னை மேசைக்குப் பக்கத்தில் இருத்தினார். "ஒண்டு வந்தாலும் சத்தம் போடாதை."

மாப்பிள்ளை வீட்டார் வந்து இருந்தார்கள். மேசையில் லட்டு ஒரு தட்டு, வடை ஒரு தட்டு. ஒரு கரப்பான் சுவர்ப் பக்கமாக மேசையில் ஏறி வந்தது. லட்டைத் தொட்டது. விட்டது. வடைப் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளையின் தாய் வடைக்குக் கை நீட்டினார்.

நான் வலக்கையை அதன்மேல் வைத்தேன்.

உள்ளங்கைக்குள் ஓடியது. விரல்களை நெருக்கினேன். நசுக்கினால் கேட்கும். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். என் கையைப் பார்த்தாள். முகம் மாறாமல் தட்டத்தை என் கைக்கு முன்னால் வைத்தாள்.

மாப்பிள்ளையின் தாய் லட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். இடக்கையால் வாங்கினேன்.

"பெரியாக்களிட்ட உப்பிடியோ வாங்கிறது?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன்.

அம்மா என் வலக்கையைப் பார்த்தார். விளங்கிவிட்டது. "இஞ்ச பிறந்த பிள்ளை அண்ணை. ஒண்டும் தெரியாது."

கைக்குள் கால்கள் சுரண்டின.

"இஞ்ச பிறந்ததுகள் எல்லாம் உப்பிடித்தான். எங்கட மகனும் உந்தக் கோதாரிதான்," என்றார் மாப்பிள்ளையின் தாய். அக்கா சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார்.

நாள் வைத்துவிட்டுத்தான் போனார்கள். கதவு சாத்தியதும் கையை எடுத்தேன். செத்திருக்கும் என்று நினைத்தேன். ஓடியது. மாமா செருப்பைத் தூக்கினார்.

"விடுங்கோ மாமா," என்றாள் அக்கா. "நல்ல நாளில ஒண்டையும் கொல்லவேண்டாம்."

இப்போது நான் வீடு வீடாகப் பூச்சி மருந்து அடிக்கிறேன். வேலையில்தான் தெரிந்துகொண்டேன். கரப்பான் ஒன்றும் படிப்பதில்லை. எங்கோ ஒன்றிரண்டு பிறக்கும்போதே இனிப்புப் பிடிக்காமல் பிறக்கும். பாகு தின்றவை செத்தன. தின்னாதவை மிஞ்சிக் குஞ்சு பொரித்தன. குஞ்சுகளுக்கும் இனிப்புப் பிடிக்கவில்லை. மாமா மூடி மூடியாக வைத்துத் தெரிந்தெடுத்தது அவற்றைத்தான்.

அன்று எனக்கு இது தெரியாது. என் கைக்குள் இருந்து ஓடியதன் வாலடியில் அரிசி போல ஒரு முட்டைப் பை இருந்தது. காயம் என்று நினைத்தேன். பாவம் பார்த்து, அது அடுப்புக்குக் கீழே போய்ச் சேரும்வரை வழிவிட்டு நின்றேன்.