கை பட்ட மோட்டார்

ஜவ்வாது மலையில் கோவிந்தன் சாமை மில் போட்டபோது, பஸ் கூரையில் வந்தது மோட்டார். அதற்குக் குளிரும் என்று தன் கம்பளியைப் போர்த்திவிட்டு, கீழே நடுங்கிக்கொண்டே வந்த மனுஷன் அவர். இப்படி ஒரு ஆளை என்ன சொல்வது!

மில்லுக்கு வருகிறவர்கள் அவருடைய பாடத்தைக் கேட்காமல் தப்ப முடியாது. "உள்ள சுத்தற உருளைக்கு ஒரு ஒயரு கூடப் போகலப்பா. வெளிய கம்பிச்சுருள்ல காந்தம் சுத்திச் சுத்தி வருது. அது பட்டு உருளைக்குள்ள தானா கரண்டு ஊறுது. ஒடனே அதுவும் காந்தமாயி, அதைப் புடிக்கத் தொரத்திக்கினே ஓடுது. கடைசி வரைக்கும் புடிக்காது!"

"உன்னாட்டமேதான், என் பின்னாலயே சுத்திக்கினு" என்பாள் அவர் மனைவி செந்தாமரை. அவருக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வரும்.

அந்த வருஷம் ஊர்க்கோயில் ஆத்தாளுக்குப் புதுச்சாமைப் பொங்கல் வைக்கும் முறை அவர்கள் வீட்டுக்கு வந்தது. முறை வந்த வீட்டுப் பெண்தான் சாமையைக் குத்த வேண்டும். செந்தாமரையோ புளி உலுக்கப் போய் விழுந்து, வலது தோள் இறங்கிக் கிடந்தாள். உலக்கையைத் தொடவே கூடாது என்றிருந்தார் டாக்டர். வேறு யாருக்காவது முறையை விட்டுக்கொடுக்கச் சொன்னால் அழுதாள். கோவிந்தனுக்கு அந்த அழுகை தாங்கவில்லை.

"மில்லுல அரைச்சுக்கட்டுங்களா?" என்று ஊர்ப்பெரியவர் முனியனைக் கேட்டார்.

"சுச்சு போட்டா அது பாட்டுக்கு ஓடுது. பொம்பள கை எங்க படுது? ஆத்தா ஏத்துக்க மாட்டாப்பா."

கோவிந்தன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் மோட்டாரின் கண்டன்சரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மலைக்கு வந்த ஒற்றை லைன் கரண்டு காந்தத்தை முன்னும் பின்னும் ஆட்டுமே தவிர, எந்தப் பக்கம் சுற்றுவது என்று அதற்குத் தெரியாது. கிளப்பிவிடக் கண்டன்சர் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு கை வேண்டும்.

முனியனைக் கூட்டிவந்து சுவிட்சைப் போட்டுக் காட்டினார். மோட்டார் உறுமியது; நகரவில்லை. உடனே அணைத்தார். "செந்தாமர, இடது கையால பெல்ட்டை இழுத்து விட்டுட்டுத் தள்ளி நில்லு."

அவள் இழுத்தாள். சக்கரம் மெல்லச் சுற்றியது. அவர் சுவிட்சைத் தட்டினார். மோட்டார் அவள் இழுத்த பக்கமே வேகமெடுத்து ஓடியது.

முனியன் கிட்டே போய்ச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "கை பட்டுத்தான் ஓடுது. போடும்மா சாமையை" என்றார். செந்தாமரை சிரித்த சிரிப்பைப் பார்த்துக் கோவிந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆத்தாளை ஏமாற்றிவிட்டோமோ என்று ஒரு பக்கம் உறுத்தியது.

மறுநாள் மோட்டார் பழையபடி சுவிட்சுக்கே ஓடியது.

அடுத்த வருஷம் முறை பக்கத்து வீட்டுப் பாஞ்சாலைக்கு வந்தது. அவள் நிறைமாதம். பொங்கலன்று காலையில் பாஞ்சாலையைக் கையைப் பிடித்து மில்லுக்கு அழைத்துவந்தாள் செந்தாமரை. அவளை வாசலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து, கோவிந்தனிடம் கையை நீட்டினாள்.

"இன்னா பாக்கற? போன வருஷம் உன் சட்டையத் தொவைச்சதே நான்தான், பையில இருந்தது எனக்குத் தெரியாதா? அந்தக் கண்டன்சரைக் கழட்டிக் குடு, முனியன் வர்றாரு."